தை அஞ்சுக்கு வந்துவிடு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். எகிப்திலிருந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன். நீ பேசிய நேரம் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்திருந்தார்கள், விவரமாகச் சொல்ல முடியவில்லை. நீ அனுப்பிய பணத்தில் நாங்கள் என்ன பார்த்தோம் என்று உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

லக்சரில் கப்பல் ஏறி அஸ்வானில் இறங்கினோம். கப்பல் தெற்கே போகிறது, நைல் வடக்கே ஓடுகிறது. கிழக்கே கடலுக்குப் போகிற ஆறுகளையே பார்த்த எனக்கு அது பழகக் கொஞ்ச நேரம் ஆனது. அரசர்களின் கல்லறைகளைப் பற்றி நீ கேட்பாய். உங்கப்பாவுக்கு முழங்கால் வலி, இறங்கி ஏற முடியவில்லை. ஒன்றோடு போதும் என்று நானும் அவரோடு நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கப்பலின் மேல்தளத்தில் நாற்காலி போட்டுக் கரையைப் பார்த்துக்கொண்டே போனதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஈச்சமரம், கரும்பு, வாழை என்று கொஞ்ச தூரம் பச்சை, உடனே பின்னால் வெறும் மணலும் மலையும். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பைப் பார்த்து வளர்ந்தவள் நான், பாலைவனத்தின் ஓரத்தில் கரும்பைப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

எஸ்னாவில் ஆற்றின் குறுக்கே தடுப்பு இருக்கிறது. கப்பலை ஒரு பெரிய தொட்டி மாதிரி இடத்துக்குள் விட்டுக் கதவை மூடுகிறார்கள். தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் உயர்கிறது, அப்புறம் முன்கதவு திறக்கிறது. அங்கே முறைக்காகக் காத்து நின்றபோது சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து, துணிகளைப் பையில் கட்டி மேல்தளத்துக்கு வீசிப் பேரம் பேசினார்கள். பேத்திக்கு ஒரு கவுன் வாங்கியிருக்கிறேன்.

கோம் ஓம்போ கோயிலில் ஒரு கிணறு காட்டினார்கள். ஆற்றுநீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்கக் கட்டியது. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழையால் அந்தக் காலத்தில் வருடாவருடம் நைலில் வெள்ளம் வருமாம். நீர் குறைந்தால் பஞ்சம், அளவு மீறினால் ஊர் அழியும், நடுவாக வந்தால் நல்ல விளைச்சல். வரியையும் அதைப் பார்த்தே போடுவார்களாம். உங்கப்பா அந்தக் கிணற்றை விட்டு நகரவே இல்லை. 2015 வெள்ளத்தில் நம் கொல்லைச் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தை அவர் ஆணியால் கீறி வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நமக்கும் வெள்ளம் மேலே பெய்யும் மழையால்தானே வருகிறது? 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணையில் என்ன பாடு படுத்தியது!

1970-இல் அஸ்வான் உயர் அணையைக் கட்டி முடித்த பிறகு நைலில் அந்தப் பழைய வெள்ளம் வருவதில்லை. வருடம் முழுவதும் பாசனத்துக்குத் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் வெள்ளத்தோடு வயலுக்கு வந்த வண்டலும் நின்றுபோய், உரம் வாங்கிப் போடுகிறார்கள். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளத்தில் வீட்டுச் சாமானை எல்லாம் பரணில் ஏற்றியவள் என்பதால் அந்த அணையைக் கட்டியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

என் மனசு நின்றது லக்சர் கோயிலில்தான். சுவர் முழுக்க ஓபெத் திருவிழாவைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். துட்டன்காமன் என்ற அரசர் காலத்து வேலை, 3,300 வருடம் இருக்கும். கர்னாக் கோயிலிலிருந்து ஆமுன் சாமி, அவர் மனைவி மூத், பிள்ளை கோன்சு மூவரையும் படகில் எழுந்தருளச் செய்கிறார்கள். பூசாரிகள் அந்தப் படகுகளைத் தோளில் சுமக்கிறார்கள், ஆற்றிலும் படகுகள் போகின்றன. மேளம், ஆட்டம், வேடிக்கை பார்க்கும் கூட்டம். ஆற்றில் வெள்ளம் வரும் பருவத்தில் நடந்த விழா அது. நம் ஆற்றுத் திருவிழாவை அந்தச் சுவரில் பார்த்த மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊரில் சாமிகள் இன்றைக்கும் ஆற்றுக்கு வருகின்றன, தீர்த்தவாரி நடக்கிறது. அதை என் பேத்தி இன்னும் பார்க்கவே இல்லை.

அதனால்தான் கேட்கிறேன், தம்பி. கோடை விடுமுறைக்கு வருவதை இந்த ஒரு தடவை மாற்றிக்கொள். பொங்கலுக்கே வந்து, தை அஞ்சாம் நாள் ஆற்றுத் திருவிழா வரை இருந்துவிட்டுப் போ. ஜனவரி 18, 19 வாக்கில் வரும். பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே லீவு கேட்கச் சொல் மருமகளிடம். கெடிலத்துக்கும் போகலாம், பெண்ணையாற்றுக்கும் போகலாம். மணலில் உட்கார்ந்து சாப்பிடப் புளிச்சோறு கட்டித் தருகிறேன். சுருளிக்கிழங்கு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், நீ சின்ன வயசில் அதற்காகவே அழுவாய்.

டிக்கெட் போட்டதும் உங்கப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல். தினமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா