ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடுகிற எல்லோருக்கும்: உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை ஒருமுறை பிரித்துப் படியுங்கள்

வணக்கம்ங்க.

நாகலூர் ரோட்டில் வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளை நானும் வாடகைக்கு விடுகிறேன். போன ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் ஒன்று, தங்க வந்தவர் நிறுத்தியிருந்த கார் மேல் சாய்ந்துவிட்டது. அடிமரம் பட்டுப்போய் இரண்டு வருடமாக நின்ற மரம்தான், வெட்டணும் வெட்டணும் என்று பேசிக்கொண்டே விட்டுவிட்டோம். நல்லவேளை, காருக்குள் யாரும் இல்லை. "இன்சூரன்ஸ் இருக்குங்க, கவலைப்படாதீங்க" என்று அவரிடம் தைரியமாகச் சொன்னேன். மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டால், அதே மரம் உங்கள் வீட்டு ஓட்டின் மேல் விழுந்திருந்தால் கிளெய்ம் உண்டு, அடுத்தவர் கார் மேல் விழுந்ததற்கு இந்தப் பாலிசியில் ஒன்றும் கிடையாது என்றார்கள். அவருடைய காருக்கும் தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருந்தது, அதில் அவர் சொந்தக் கார் சேதத்துக்குப் பணம் வராது. கடைசியில் கைக்காசு போட்டுத்தான் சரிசெய்து கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். நம்மில் பலரும் "பயர் இன்சூரன்ஸ்" என்று சொல்லிக் கட்டுவது நம்முடைய சொத்துக்கு மட்டும். நம் கவனக்குறைவால் அடுத்தவருக்கு அடிபட்டாலோ அவர் பொருள் போனாலோ, சட்டப்படி நாம் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைத் தருவது பப்ளிக் லயபிலிட்டி என்கிற வேறு பாலிசி. பாசி பிடித்த படியில் ஒரு பாட்டி வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் நமக்குக் கைகொடுப்பது அதுதான், பயர் பாலிசி இல்லை. அதிலும் நம் பக்கம் தவறு இருந்தால்தான் பணம்; நல்லா நின்ற மரம் புயலில் விழுந்தால் கதை வேறு. இன்னொன்று, அந்தப் பாலிசி இருக்கும்போது கம்பெனிக்குச் சொல்லாமல் "நான் கொடுத்துடறேன்" என்று நாமே வாக்குக் கொடுத்துவிடக் கூடாது, கிளெய்மே சிக்கலாகிவிடும். மரம் கவாத்து செய்ய வருகிற ஆளுக்கு அடிபட்டால் அதற்கும் இது உதவாது, தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனி.

சரி, நம் சொத்துக்காவது முழுசாக இருக்கிறதா? 2021 ஏப்ரலில் இருந்து நாடு முழுக்க வீடுகளுக்கு பாரத் க்ருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரி பாலிசி வந்திருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், மண்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது குடியிருக்கும் வீட்டுக்கு. ஆன்லைனில் புக்கிங் வாங்கி வாராவாரம் ஆள் தங்க வைக்கிற இடத்தை வெறும் வீடு என்று எழுதிக் கொடுத்திருந்தால் கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும். தொழில் நடக்கிற இடத்துக்கு, 5 கோடி வரையுள்ள சொத்துக்கு, பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. ஏஜெண்டிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

மண்சரிவைப் பற்றித்தான் எனக்குத் தூக்கம் வராத கவலை. மண்சரிவு கவர் ஆகும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதே பாலிசியில் கீழே விலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. மண் தோண்டியதால், கட்டட வேலையால், தப்பான வடிவமைப்பால் நிலம் இறங்கினால் பணம் கிடையாது. நாம் என்ன செய்கிறோம்? பார்க்கிங்குக்கு இடம் வேண்டும் என்று ஜேசிபியை விட்டுச் சரிவைச் செங்குத்தாக வெட்டுகிறோம், தண்ணீர் வடிய ஓட்டை வைக்காமல் தடுப்புச்சுவர் கட்டுகிறோம், அப்புறம் அந்தச் சுவரை பாலிசி மதிப்பில் சேர்க்கவும் மறந்துவிடுகிறோம். அந்தச் சுவர் இடிந்து கீழ்வீட்டுக்காரர் சமையலறை மேல் விழுந்தால் நம் சொத்தும் போகும், அவருக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தயவுசெய்து.

மதிப்பு எழுதுவதிலும் தவறு நடக்கிறது. இன்சூரன்ஸ் கட்டடத்தைத் திரும்பக் கட்டுகிற செலவுக்கு, நிலத்தின் விலைக்கு இல்லை. பேங்க் லோன் தொகைக்கு மட்டும் போட்டுக் கொடுத்த பாலிசியை நம்பி இருக்காதீர்கள். தொழில் பாலிசியில் 40 லட்சம் ஆகும் கட்டடத்துக்கு 20 லட்சம் என்று எழுதியிருந்தால், 6 லட்சம் நஷ்டத்துக்குக் கையில் வருவது 3 லட்சம்தான். குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுக்கொடுக்கிறார்கள். மின்னலில் ஷார்ட் ஆகி டிவியும் இன்வெர்ட்டரும் கருகினால் அந்தப் பொருளுக்குப் பணம் இல்லை, அதிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால் மற்றதற்கு உண்டு. காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் இதில் வராது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது போன புக்கிங் பணமும் வராது, நம் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே.

கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கிற அதிகாரியிடம், போகலாம். கட்டணம் இல்லை, நம்மைப் போன்ற சிறு தொழில்காரர்களும் போகலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கிறவர்கள் ஒரே வண்டியில் சேர்ந்து வந்துவிடுங்கள். பாலிசி ஒரிஜினலும் வீட்டுப் போட்டோவும் கொண்டுவாங்க, முதலில் விலக்குகள் பக்கத்தைச் சேர்ந்து படிக்கலாம். காப்பி நான் போடுகிறேன்.

நாகலூர் ரோட்டில் இருந்து, உங்களில் ஒருவன்