மூன்று ஆண்டில் மருந்து கேட்கலாமா?

ஆசிரியருக்கு,

நாள்பட்ட நோய்களை ஆராயும் ஆய்வகங்கள் மூன்று ஆண்டுகளுக்குள் மருந்தைக் காட்ட வேண்டும், இல்லையேல் நிதியை நிறுத்தலாம் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். கணக்குக் கேட்பது சரிதான். அந்த மூன்று ஆண்டுதான் உதைக்கிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். நோயாளிகளின் ரத்த அணுக்களில் வழக்கத்துக்கு மாறான குட்டைக் குரோமோசோம் ஒன்று இருப்பதை பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் 1960-இல் கண்டார்கள். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் அது உண்டாகிறது என்று ஜேனட் ரவுலி 1973-இல் காட்டினார். அப்புறம்தான், அந்த இடமாற்றத்தில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, அணைக்க முடியாத சுவிட்சைப் போல ரத்த அணுக்களை ஓயாமல் பெருகவைக்கும் ஒரு நொதியை உருவாக்குவது தெரிந்தது. அந்த நொதியில், உயிரணுக்களில் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு வந்து அமரும் குழியை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2001-இல். நாற்பது ஆண்டுகள்! 1960-இல் அந்தக் குரோமோசோமைப் பார்த்தவர்களிடம் ‘மருந்து எங்கே?’ என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

என் உறவினர் ஒருவர் அந்த மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு வழக்கம்போல் வேலைக்குப் போய்வருகிறார். (மறந்தால் வீட்டில் திட்டு விழும், அது வேறு.) எனவே நிதியில் ஒரு பகுதியையாவது, மருந்து இலக்கு இல்லாத அடிப்படை உயிர்வேதியியல் ஆய்வுக்கென ஒதுக்கி, பத்து ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிடட்டும். இடையில் ஆண்டுதோறும் முடிவுகளை, தோல்விகளையும் சேர்த்து, பொதுவில் வெளியிடச் சொல்லலாம்.