விடுவிக்காமற்போனாலும்

எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கும், கொழும்பின் மற்றத் தமிழ்ச் சபைகளில் இதே ஊழியத்தைச் செய்கிற அக்காமார், அண்ணாமாருக்கும்,

ஸ்தோத்திரம். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலையிலும் ரியூஷன் நடக்கிற வெள்ளவத்தையில், ஒரு மணித்தியாலம் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. சம்பளமும் இல்லை. இது, ஜெபத்தைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற விதத்தைக் குறை சொல்லி எழுதும் மடல்தான். ஆனால் குறையில் பாதி என்னுடையது.

போன வருடம் என் மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதினாள். பரீட்சைக்கு முன் ஒரு மாதம் வகுப்பில் ஜெபித்தீர்கள். நல்லது. கூடவே, விசுவாசத்தோடு கேட்டால் கர்த்தர் கட்டாயம் தருவார் என்றும் சொல்லிக் கொடுத்தீர்கள். வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைந்தது. முடிவு வந்த அடுத்த ஞாயிறு, சித்தியடைந்த பிள்ளைகளை மட்டும் முன்னால் கூப்பிட்டு, கர்த்தர் இவர்களைக் கனம்பண்ணினார் என்று பரிசு கொடுத்தீர்கள். அவள் பின் வாங்கில் இருந்து கை தட்டினாள். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நான் ஜெபம் பண்ணினதில எங்கயோ பிழை விட்டிட்டன் போல."

கணக்கில் எங்கே பிழைத்தது என்று தேடுகிற அதே குரல்.

என் பங்கையும் சொல்கிறேன். 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது, சிலிண்டர் வரிசையில் அவளையும் கூட்டிக்கொண்டு நின்றேன். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேரோடு சிலிண்டர் முடிந்துவிட்டது. "இயேசப்பா எங்களுக்குத் தந்திட்டார்" என்று சத்தமாகவே சொன்னேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. திரும்பிப் பார்த்து, "அப்ப பின்னால நிக்கிற அன்ரி ஜெபம் பண்ணேல்லையா?" என்றாள். அந்த அன்ரிக்கும் கேட்டது. நான் சிலிண்டரை ஓட்டோவில் ஏற்றுகிற சாட்டில் தப்பித்துக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதே காலையில் இங்கே கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் குண்டு வெடித்தது. மூன்று இடத்திலும் மக்கள் ஆராதனைக்குத்தான் வந்திருந்தார்கள். இதெல்லாம் நடந்த நாட்டில், ஜெபித்தால் ஒரு கெடுதியும் நடக்காது என்று ஒரு பிள்ளைக்கு எந்த முகத்தோடு சொல்லுவது?

நம்பவே கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியான இடத்தில் கதையை நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் தானியேல் மூன்றாம் அதிகாரம் படிப்பித்தீர்கள்: ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்த மூன்று பேரை நெருப்பில் போட்ட கதை. நிறந்தீட்டும் தாளும் வந்தது. அக்கினிச் சூளை, உள்ளே நான்கு பேர். நான்காவது ஆளுக்கு மட்டும் அவள் மஞ்சள் பூசியிருந்தாள், கோட்டுக்கு வெளியேயும். தாள் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. கதையைச் சொல்லு என்றேன். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூன்று பேரும் ஒரு மயிர்கூடக் கருகாமல் வெளியே வந்ததை அழகாகச் சொன்னாள். ஆனால் உள்ளே போகுமுன் ராஜாவிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது. எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று பதினேழாம் வசனத்தில் சொல்லிவிட்டு, பதினெட்டாம் வசனத்தை "விடுவிக்காமற்போனாலும்" என்று தொடங்குகிறார்கள்; அப்போதும் சிலையை வணங்க மாட்டோம் என்கிறார்கள். அந்த ஒரு சொல்லை நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே இல்லை. எனக்கும் சின்ன வயதில் யாரும் கொடுக்கவில்லை, சூளையும் தேவதூதனும்தான் கிடைத்தது.

அன்றிரவு இரண்டு பேரும் அதை வாசித்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அப்ப அவைக்கும் என்ன நடக்கும் எண்டு தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது போலிருந்தது.

ஆகவே, அடுத்த மனன வசனமாக அந்தப் பதினெட்டாம் வசனத்தைக் கொடுங்கள். பதின்மூன்றாம் சங்கீதத்தையும் படிப்பியுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீதே கேட்டிருக்கும்போது பத்து வயதுப் பிள்ளை கேட்டால் அது அவிசுவாசமா? அவர்கள் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் மேலுள்ள மரியாதை குறையாது. பரீட்சைக்காகத் தாராளமாக ஜெபியுங்கள். பரிசு கொடுப்பதென்றால் எழுதின எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், ஒரு பென்சில் பெட்டி போதும்.

வருகிற ஞாயிறு பிளேன்ரீயும் பணிஸும் கொண்டுவருகிற முறை என்னுடையது. வகுப்பு முடிந்ததும் மண்டபத்தில் இருப்பேன், பேசலாம்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்பறையின் பின் வாங்குப் பிள்ளையின் அம்மா
வெள்ளவத்தை