இலை வண்டிக்கு டயர் வாங்கப்போகும் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம்.

11 வருஷமாக, பறித்த இலையைத் தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்குக் கொண்டுவரும் இலை வண்டி ஓட்டுகிறேன். எனக்கும் அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, அதனால் இதை டிரைவராகவும் எழுதுகிறேன், உறுப்பினராகவும் எழுதுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆறு பிக்கப்புக்கும் ஸ்டெப்னியோடு சேர்த்து 30 டயர் வாங்கக் கொட்டேஷன் கேட்டிருப்பதை நோட்டீஸ் பலகையில் பார்த்தேன். ரொம்ப நாளாகக் கேட்டது நடக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்த நோட்டீஸில் டயரைப் பற்றி இருப்பது அளவும் எண்ணிக்கையும் மட்டும்தான்: 215/75 ஆர்15, 30 எண்ணம், விலை குறைந்தவருக்கு ஆர்டர். ஆள் ஏற்றிப் போகிற பொலேரோவுக்கும் இதே அளவுதான். அந்த டயரைக் கடைக்காரர் கொண்டுவந்து இறக்கினாலும் நாம் அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது, கேட்டதைத்தானே கொடுத்தார்.

போன கார்த்திகையில் நடந்ததை உங்களில் இரண்டு பேருக்கு அன்றே போனில் சொன்னேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மதியம் மூன்று மணி, 1,200 கிலோ இலையோடு கீழ்த்தோட்டப் பாதையிலிருந்து ஏறி வருகிறேன், சாரல் நிற்கவே இல்லை. கல் பதித்த அந்த வளைவில் பின்சக்கரம் லேசாகச் சுற்றி ஓரத்துக் கல்லில் உரசியது, அவ்வளவுதான், புஸ்ஸென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச்சுவர் நாலு விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்திருக்கிறது, விரலை உள்ளே விட்டால் நூல் தட்டுப்படுகிறது. தார் ரோட்டில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம், பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயரோடு கதை முடிந்தது. சரிவில் ஜாக்கி நிற்காமல் நழுவ, சக்கரங்களுக்குக் கல்லை அண்டக் கொடுத்து, இலை பறிக்க வந்த இரண்டு அக்காமார்கள் குடையைப் போட்டுவிட்டு வந்து கை கொடுத்து, ஒரு வழியாக ஸ்டெப்னியை மாட்டினால் அதுவும் மொட்டை. மேலே ஏறவே இல்லை. வேறு வண்டி வந்து லோடு மாற்றி ஃபேக்டரி போய்ச் சேரும்போது மணி ஒன்பது. மூட்டைக்குள் கையை விட்டால் சுடுகிறது, அடியில் இருந்த இலை முழுக்கச் சிவந்துவிட்டது. அந்தக் கழிவு எந்த டயர் பில்லிலும் வராது, இலை கொடுத்த வீடுகளின் கணக்கில்தான் போனது.

கிழிந்த டயரைக் கழுவிப் பார்த்தேன். பக்கத்தில் அளவுக்குப் பின்னால் 100 என்று இருந்தது. அதுதான் லோடு குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று அர்த்தம், 104 என்றால் 900, 108 என்றால் 1000, 112 என்றால் 1120. நம் வண்டி இலையோடு 3 டன்னைத் தொடுகிறது, ஏற்றத்தில் அதில் 2 டன் பின் ஆக்ஸிலில் உட்கார்ந்தால் ஒரு பின் டயருக்கு 1000 கிலோ ஆகிறது. 800 கிலோ டயரில் 1000 கிலோ ஏற்றிக்கொண்டு, அதுவும் கல்லில், எத்தனை மாதம் ஓடும்? ஒரே அளவில் வேறு வேறு குறியீட்டில் டயர் வருகிறது என்பதைத்தான் முதலில் மனதில் வையுங்கள். 106/103 என்று இரண்டு எண் போட்டிருந்தால் முதல் எண் நமக்கு, இரண்டாவது எண் பின்னால் ஒரு பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் இருக்கிற வண்டிக்கு. அளவோடு எல்டி (LT) என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள், அது லைட் டிரக் டயர், உள்ளே அடுக்கு அதிகம். வண்டி வரும்போது கம்பெனி போட்டனுப்பிய டயரின் குறியீட்டுக்கு ஒரு எண்கூடக் கீழே போகக்கூடாது.

அப்புறம் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டைகள். குழுவில் ஒரு அண்ணன் கூடலூர்ப் பக்கம் ஜீப்களில் பார்த்த பெரிய பட்டன் வைத்த சேற்று டயரையே வாங்கிவிடலாம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் நம் வண்டிகள் ஓடும் பாதையை ஒரு நாள் கூடவே வந்து பார்த்தால் அவரே வேண்டாம் என்பார். ஒரு நடையில் சேறும் கல்லும் இரண்டு மூன்று கிலோமீட்டர், மிச்சமெல்லாம் தார், அதுவும் வருஷத்தில் பாதி நாள் ஈரத் தார். சேற்று டயரில் பட்டனுக்கு நடுவில் இடைவெளி அதிகம், ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு, ஈரத்தைப் பிடிக்கிற மெல்லிய கீறல்களும் குறைவு. சேற்றில் அது ராஜா. மேட்டுப்பாளையம் இறக்கத்தில், தூள் மூட்டையோடு, மழையில், முன்னால் பஸ் திடீரென்று நிற்கும்போது அதை நம்பி நான் பிரேக்கை மிதிக்க மாட்டேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டருக்குள் சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறோம், எடை முழுக்க முன்சக்கரத்துக்கு வரும் ரோடு அது.

நமக்கு வேண்டியது ஆல் டெரெய்ன். தார், கல், சேறு மூன்றிலும் ஓடுவதற்கென்று செய்தது. அதிலும் பட்டனைப் பார்த்து மயங்காமல் மூன்று விஷயம் கேளுங்கள்: பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு (மூன்று என்றால் நல்லது), பட்டன்களில் மெல்லிய கீறல் இருக்கிறதா, பள்ளத்தின் அடியில் கல்லை வெளியே தள்ளுகிற சின்ன மேடு இருக்கிறதா. கல் பாதையில் லோடோடு சக்கரம் சுற்றினால் சாதா டயரில் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும், எலி கடித்த மாதிரி. அதைத் தாங்கும் ரப்பரா என்று கேட்டால் விவரம் தெரிந்த கடைக்காரர் பதில் சொல்வார். எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே, எது வேண்டுமானாலும் வரட்டும், பெயர் எனக்கு இரண்டாவதுதான். ஆல் டெரெய்ன் போட்டால் கொஞ்சம் சத்தம் வரும், டீசலும் சற்றுக் கூடும், மறைக்கவில்லை.

ஒரு வண்டிக்கு நாலும் ஒரே டயராக இருக்கட்டும். மேல் தோட்டத்துக்குப் போகும் இரண்டு வண்டியும் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ், அதில் முன்னால் தேய்ந்ததும் பின்னால் புதுசும் போட்டால் சக்கரத்தின் சுற்றளவு மாறி கியர் பெட்டியைத்தான் வதைக்கும். தேய்ந்தபின் மறுபடி ரப்பர் ஏற்றிய டயரை முன்னால் மாட்டச் சொல்லாதீர்கள்.

தேதியையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண் எப்போது செய்த டயர் என்று சொல்லும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-வது வாரம். விலை ரொம்பக் குறைவாக வந்தால் முதலில் அந்த எண்ணைத் துடைத்துப் பாருங்கள், கோடவுனில் பல வருஷம் கிடந்த டயரில் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

டிரைவர் தம்பிகளுக்கும் ஒன்று. கீழே இறங்கி மேட்டுப்பாளையம் வெயிலில் சூடான டயரில் காற்று கூடத் தெரிகிறது என்று பிடுங்கிவிடாதீர்கள். மறுநாள் காலை இங்கே குளிரில் பார்த்தால் அஞ்சாறு பாயிண்ட் குறைந்திருக்கும், அதோடு லோடு ஏற்றினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். அதற்கு ஒரு நல்ல கேஜ் வாங்கி செக்யூரிட்டி அறையில் வைக்க நிர்வாகம் மனது வைக்க வேண்டும், இப்போது இருப்பது ஆளுக்கொரு அளவு காட்டுகிறது.

அண்ணன்களே, 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி என்று எங்கு பார்த்தாலும் மண் சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி ரோடு அறுபடும் நாட்களில் நோயாளியை ஏற்றிப் போவதும் இந்த இலை வண்டிதான். சில ஆயிரம் ரூபாய் கூடுதலாக வருகிறது என்று ஆறு வண்டிக்கும் சேர்த்து முடியாது என்றால், இந்த வருஷம் தோட்டப் பாதையில் அதிகம் ஓடும் நாலு வண்டிக்கு மட்டும் நல்லதாக வாங்குங்கள், மற்ற இரண்டும் அடுத்த வருஷம் பார்க்கலாம். என் வண்டி அந்த நாலில் இல்லாவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

நோட்டீஸை ஒரு முறை திருத்தி ஒட்டுங்கள்: எல்டி, ஆல் டெரெய்ன், கம்பெனி குறியீட்டுக்குக் குறையாதது, ஆறு மாதத்துக்குள் செய்தது. கொட்டேஷன் திறக்கும் நாளில் அந்தக் கிழிந்த டயரை வண்டியில் ஏற்றி ஆபீஸுக்குக் கொண்டு வருகிறேன், கவரைப் பிரிக்கும் முன் எல்லாரும் ஒரு தடவை விரலை விட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கீழ்த்தோட்டப் பாதை இலை வண்டி டிரைவர்