வேப்பிலைச் சாறு கொன்றது எதை?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் வந்த 'புராஸ்டேட் புற்றுநோயை அழிக்கும் வேப்பிலை' செய்தியைப் படித்தேன். தலைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'பக்கவிளைவு அறவே இல்லை' என்று முடித்திருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆய்வு நடந்தது ஆய்வகத்தில் வளர்க்கும் பிசி-3 என்ற புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் என்று செய்தியே சொல்கிறது. பிளாஸ்டிக் தட்டில் வளரும் செல்லுக்கு ஈரல் ஏது, சிறுநீரகம் ஏது? பக்கவிளைவை எங்கே பார்த்தார்கள்?

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். புற்றுநோய் எலும்புக்குப் பரவிய 62 வயது வெள்ளையர் ஒருவரின் செல்லிலிருந்து உருவாக்கி, 1979-ல் அறிவிக்கப்பட்டது பிசி-3. 96 குழி உள்ள தட்டில் செல்களை விட்டு, அவை அடியில் ஒட்டிக்கொண்டதும் சாற்றைச் சேர்ப்போம். அப்புறம் எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல் குறைந்தது என்று கணக்கு. பச்சிலைச் சாற்றின் நிறமே கருவியைக் குழப்பும் என்பதால், செல் இல்லாத குழியிலும் சாற்றை விட்டுப் பார்க்கச் சொல்வேன். உப்பைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றினாலும் அந்தச் செல் செத்துத்தான் போகும்.

ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சாற்றில் பாதி செல் செத்தது என்றே வைத்துக்கொள்வோம். உடம்பில் ஓடும் 5 லிட்டர் ரத்தத்தில் அந்த அளவு நிற்க, அரை கிராம் சாறு குடலிலும் ஈரலிலும் சிதையாமல் அப்படியே போய்ச் சேர வேண்டும். மஞ்சளின் குர்குமினை கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சொற்பம்தான் தெரிகிறது. தவிர, ஆய்வகத்தில் பெரும்பாலும் மெத்தனாலில் ஊறவைத்து எடுப்பார்கள். வீட்டுக் கஷாயம் வேறு, அது வேறு.

எங்கள் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட்டில் வந்து எலும்பு வரை பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை அளவு இறங்கி, வயலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். இதே மாதிரிச் செய்தி ஒன்றை உங்கள் பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊசியை நிறுத்திவிட்டார். "பேப்பர்லயே போட்டிருக்கும்மா" என்பார், நான் என்ன சொன்னாலும். இடுப்புக்குக் கீழே கால் விளங்காமல் போன பிறகுதான் மறுபடி ஆஸ்பத்திரி. அப்போதும் உங்களுக்கு எழுதினேன்; வெளியாகவில்லை. அதற்குப் பிறகுதான் முள்சீத்தா கீமோவைவிட 10,000 மடங்கு வீரியம் என்ற வாட்ஸ்அப் வதந்தியையும் எடுத்துப் போட்டீர்கள்.

மூலிகையை நான் குறைத்துப் பேசவில்லை. பெரியப்பாவுக்குக் கடைசியில் ஏற்றிய டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தே யூ மரத்தின் ஊசியிலையிலிருந்து வந்ததுதான். அதற்கு முன்னோடியான டாக்சாலின் கட்டமைப்பு 1971-ல் வெளியானது. மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-ல். இடைப்பட்ட வருஷங்களின் உழைப்பை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அமெரிக்காவில் பிசி-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கலவையைப் புராஸ்டேட் நோயாளிகள் வாங்கிச் சாப்பிட்டார்கள், பிஎஸ்ஏ இறங்கவும் செய்தது. சோதித்ததில் செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் கலந்திருந்தது தெரிந்து, 2002-ல் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். மூலிகை என்றாலே பயமில்லை என்று எழுதுபவர்கள் இதைப் படித்திருக்க வேண்டாமா?

செய்திக்குக் கீழேயே 'புற்றுநோய்க்கு நிரந்தரத் தீர்வு' என்று ஒரு வைத்தியசாலை விளம்பரம் வேறு. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பது தாங்கள் அறியாததல்ல.

நான் கேட்பது இவ்வளவுதான். இத்தகைய செய்திகளின் முதல் பத்தியிலேயே சோதனை செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்று ஒரு வரி போடுங்கள். சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று இன்னொரு வரி. பக்கவிளைவு இல்லை என்ற வாக்கியத்துக்கு வரும் ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி