கட்டத்துக்குள் எண்ணும் மகளுக்கு

பாப்பாவுக்கு,

மெடிக்கல் காலேஜ் பிசியாலஜி (உடலியங்கியல்) லேபைப் பற்றி நேற்று போனில் நீ சலித்துக்கொண்டது மனதிலேயே நிற்கிறது. "மெஷின் ஒரு நிமிஷத்துல சொல்றதை, மத்தியானம் பூரா மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு ரத்த அணுக்களை எண்ணச் சொல்றாங்கப்பா" என்றாய். நான் பஸ்ஸில் இருந்தேன், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

முப்பது வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் சொல்கிறேன், கேள். ஒரு டெங்கு சீசனில் வார்டிலிருந்து ஒரு பெண்ணின் ரத்தம் வந்தது. மெஷின் பிளேட்லெட் 22,000 என்று அச்சடித்தது. மேலே வார்டில் பிளேட்லெட் ஏற்ற ஏற்பாடே தொடங்கிவிட்டார்கள். ஆனால் அவ்வளவு குறைந்தால் தோலில் வரக்கூடிய ரத்தப்புள்ளி ஒன்றுகூட அந்தப் பெண் உடம்பில் இல்லை. பெரிய டாக்டரம்மா படியிறங்கி லேபுக்கே வந்து, "ஒரு ஸ்மியர் போடுங்க, நானே பார்க்கிறேன்" என்றார். ஸ்மியர் என்றால் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிசாக இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பார்த்தால் ஸ்மியரின் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் போட்டிருந்த இ.டி.டி.ஏ. மருந்து செய்த வேலை அது. சிலர் ரத்தத்துக்கு அது ஒத்துக்கொள்ளாது. மெஷினுக்கோ கொத்தைப் பிரித்து எண்ணத் தெரியாது. இ.டி.டி.ஏ.வுக்குப் பதில் சிட்ரேட் போட்ட குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தோம். எண்ணிக்கை குறையே இல்லை.

அந்த டாக்டரம்மாவுக்கு ஏன் சந்தேகம் வந்தது தெரியுமா? முதல் வருஷத்தில் தன் கையால் ஸ்மியர் இழுத்து, பாழாக்கி, மறுபடி இழுத்தவர் அவர். ஒரு எண் எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்ப்பதை நீ டாக்டரான பிறகு செய்யப் போவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரத்தம் வரவில்லையென்று விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். சிவப்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் கோடு போட்ட 80 சின்னக் கட்டங்களில் எண்ணிப் பத்தாயிரத்தால் பெருக்குகிறாய் அல்லவா? ஒரு அணுவை விட்டால் விடையில் பத்தாயிரம் போச்சு. இதையெல்லாம் கையால் செய்து பார்த்தவருக்குத்தான் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் உறுத்தும்.

1903-இல் மெட்ராஸ் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன், நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த ஸ்மியரில் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலின் கிருமியைக் கண்டார். அவர் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நடத்திய பாடம் பிசியாலஜி. நீ இப்போது அலுத்துக்கொள்கிற அதே பாடம்தான்.

அப்புறம் ஒன்று. ஒருத்தி செய்ய, பத்துப் பேர் சுற்றி நின்று ரீடிங்கைக் காப்பி அடிப்பதாகச் சொன்னாய். அதை மட்டும் செய்யாதே. உனக்கு ஹீமோகுளோபின் 9 கிராம் வந்தால் 9 என்றே ரெகார்டில் எழுது. பக்கத்துப் பெண்ணுக்கு 13 வந்திருந்தால், ஏன் என்று போய் மேடத்திடம் கேள். திட்டினாலும் பரவாயில்லை.

ஹிஸ்டாலஜியில் திசுக்களின் படம் வரைய ரோஸ், ஊதா பென்சில் தீர்ந்துவிட்டதென்று அம்மா சொன்னாள். ஆறாறு வாங்கி முறுக்கு டப்பாவோடு பார்சலில் வைத்திருக்கிறேன்.

அப்பா