கிளை விடும் வேலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "இன்னும் அந்த டென்ட்ரிமரைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாயா?" என்று கேட்டிருந்தாய். அதையேதான், மருந்து சுமப்பதற்காக மரம்போலக் கிளைகிளையாகக் கட்டும் அந்த மூலக்கூறைத்தான்.

போன மாதம் முழுக்க நாலாம் தலைமுறை செய்தேன். ஒவ்வொரு கிளைச் சுற்றும் ஒரு தலைமுறை. நடுவில் கருவாக எத்திலீன்டைஅமீன், நைட்ரஜன் நுனி கொண்ட சிறு மூலக்கூறு. அதன்மேல் மெத்தில் அக்ரிலேட், அதன்மேல் மறுபடி அமீன். சுற்றுக்குச் சுற்று நுனி இரட்டிக்கும்: 4, 8, 16, 32, 64. 1980களில் மிச்சிகனின் மிட்லண்டில், டௌ ரசாயனக் கம்பெனியில் வேதியியலாளர் டோமாலியா வகுத்த வழிதான். காகிதத்தில் குழந்தை விளையாட்டு. ஆனால் மிஞ்சிய அமீன் துளி தங்கினாலும் அடுத்த சுற்றில் அதுவே கருவாகி, பக்கத்தில் ஒரு குட்டி மரம் முளைத்துவிடும். உன் மாந்தோப்பில் விழுந்த கொட்டை போல. மூன்றாம் சுற்றில் அவசரப்பட்டு ஒரு நாள் முன்னதாகவே குடுவையை இறக்கினேன். இரண்டு வாரம் வீண். பார்க்க என்னவோ தேன்பாகு போல அழகாகத்தான் இருந்தது.

முன்பெல்லாம் மரத்தைப் பெரிதாக்குவதுதான் வித்தை என்று நினைத்தேன். இப்போது நுனியில்தான் எல்லாம் இருக்கிறது என்று படுகிறது. அமீன் நுனி நேர்மின் கொண்டது. செல்லின் மேல்தோலோ எதிர்மின். ஒட்டிக்கொண்டு கிழித்துவிடும், சிவப்பணுவையும் விடாது. மருந்து சுமக்க வந்ததே விஷமானால்? அதனால் நுனிகளை மின்னேற்றம் இல்லாத அசிட்டைல் தொகுதி கொண்டு மூடுகிறோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஐந்தாம் தலைமுறையை அப்படி மூடி, மிச்ச நுனிகளில் ஃபோலேட் வைட்டமினான ஃபோலிக் அமிலமும் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தும் கோத்தார்கள். சில புற்றுநோய்ச் செல்கள் ஃபோலேட்டுக்கு அலைபவை, தாமாகவே இழுத்துக்கொள்ளும். 2005இல் எலிகளில் கட்டி வளர்வது மட்டுப்பட்டதைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை இன்றும் எடுத்துப் படிப்பேன்.

வேடிக்கை கேள். மெல்போர்னின் ஸ்டார்ஃபார்மா கம்பெனி லைசினால் கட்டிய டென்ட்ரிமர் ஒன்று ஜெல்லாகக் கடைக்கே வந்துவிட்டது. அது எதையும் சுமப்பதில்லை! நுனியே மருந்து. மூட்டை தூக்க வந்தவன் முதலாளியான கதை.

கவாத்து முடிந்ததா? பங்கனப்பள்ளி ஒட்டு பிடித்ததா என்று எழுது. டென்ட்ரிமரிலிருந்து மிச்சக் கசடைக் கழுவி எடுக்கும் டயாலிசிஸ் பைக்குத் தண்ணீர் மாற்றும் நேரமாகிவிட்டது. இந்த முறை அவசரப்படவில்லை, மூன்றாம் நாளாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
செல்வம்